கூப்பர் பிளாக்: தடித்து உருண்ட எழுத்து எதற்காகப் பிறந்தது, எங்கே பொருந்தும்?

புதிதாகத் தொடங்கவிருக்கும் ஒரு பேக்கரியின் பெயர்ப்பலகை, கேக் பெட்டி, காகிதப் பை ஆகிய மூன்றுக்கும் கூப்பர் பிளாக் என்ற தடித்த ஆங்கில எழுத்துருவைப் பயன்படுத்தலாமா, அது பழைய பாணியாகத் தோன்றிவிடுமா, அதனோடு சேர்ந்து நிற்கத் தமிழில் எந்த எழுத்துருவை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்படுத்தலாம் என்பதே என் பதில். ஆனால் பெயர்ப்பலகைக்கும் பெட்டிக்கும் அது பொருந்தும் அளவுக்கு விலைப்பட்டியலுக்குப் பொருந்தாது. தமிழில் இணை தேடும்போது வேறு சில சிக்கல்களும் எழும். இந்த எழுத்துருவின் உருண்டை வடிவம் மிகுந்த தடிமனைத் தாங்குவதற்காக அமைந்த கட்டுமானம் என்பதை முதலில் பார்த்துவிட்டால், உங்கள் மூன்று கேள்விகளுக்கும் காரணத்தோடு விடை சொல்ல முடியும்.

இதை வரைந்தவர் ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர். 1879இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, கான்சாஸில் வளர்ந்து, ஓவியம் கற்பதற்காகச் சிகாகோவுக்கு வந்தவர். அங்கே ஃபிராங்க் ஹோம் நடத்திய பள்ளியில் எழுத்து வரைகலையைக் கற்பித்தவர், பின்னாளில் அமெரிக்க எழுத்துரு உலகில் பெரும்புகழ் பெற்ற ஃபிரெடெரிக் கவுடி. கூப்பர் 1904இல் ஃபிரெட் பெர்ட்ச் என்பவரோடு சேர்ந்து பெர்ட்ச் அண்ட் கூப்பர் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து கொடுத்து வந்தார். சிகாகோ அப்போது அஞ்சல்வழி வணிகத்துக்கும் விளம்பரத் தொழிலுக்கும் பெரிய மையமாக இருந்தது. பாக்கார்டு மோட்டார் கார் விளம்பரங்களுக்காக அவர் வரைந்த எழுத்துகளைத் தழுவி 1913இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனம் ஓர் ஈய எழுத்துருவையே வெளியிட்டது என்றால், அவர் கைக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

சிகாகோவிலேயே இருந்த பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பகத்துக்காக அவர் முதலில் செய்தது கூப்பர் ஓல்டு ஸ்டைல். 1919 வாக்கில் வந்த அந்த எழுத்து அவ்வளவு தடித்தது அன்று. ஆனால் அதன் கோட்டு முனைகளில் இருக்கும் செரிஃப் என்னும் சிறு பாதங்கள் அப்போதே மழுங்கி உருண்டிருந்தன. 1922இல் அதே குடும்பத்தின் மிகத் தடித்த வடிவமாகக் கூப்பர் பிளாக் வந்தது. அதாவது உருண்டை முதலில் வந்தது, கனம் பிறகு ஏறியது. தொலைநோக்குள்ள அச்சகக்காரர்களுக்கும் கிட்டப்பார்வையுள்ள அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கும் ஏற்ற எழுத்து என்ற பொருளில் கூப்பரே அதைப் பற்றிச் சொன்னது இன்றும் மேற்கோளாக நிலைத்திருக்கிறது. செய்தித்தாள் பக்கத்தில் பத்து விளம்பரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கண்ணை இழுக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கால வணிகரின் தேவை. அந்தத் தேவையை இந்த எழுத்து நேராக நிறைவேற்றியது. விற்பனை பெருகியதும் போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. லட்லோ நிறுவனம் 1924இல் லட்லோ பிளாக்கையும், மோனோடைப் நிறுவனம் 1925இல் கவுடி ஹெவிஃபேஸையும் இறக்கின. எழுத்து வரையக் கற்றுக்கொடுத்த ஆசிரியரே மாணவரின் எழுத்துக்குப் போட்டியாக ஒன்றை வரைந்து தர வேண்டிய நிலை வந்ததை எழுத்துரு வரலாற்றில் ஒரு சுவையான திருப்பமாகவே நான் கருதுகிறேன்.

இனி வடிவத்துக்கு வருவோம். கூப்பர் பிளாக்கில் அச்சிட்ட ஒரு சொல்லைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, எழுத்துகள் அமரும் கோட்டின் மேல் ஓர் அளவுகோலைப் பிடித்துப் பாருங்கள். சாதாரணச் செரிஃப் எழுத்துருக்களில் பாதங்கள் அந்தக் கோட்டில் தட்டையாகப் பதிந்திருக்கும். இதிலோ பாதத்தின் அடிப்பகுதியும் வளைந்திருப்பதால், அளவுகோலின் விளிம்போடு முழுமையாக ஒட்டி நிற்கும் எழுத்து கிடைப்பது அரிது. அடுத்து ஆங்கில ஓ எழுத்தைப் பாருங்கள்: வெளிவட்டம் ஏறக்குறைய நேராக நிற்க, உள்ளே இருக்கும் வெள்ளை முட்டை இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஐ, ஜே ஆகிய சிற்றெழுத்துகளின் தலைப்புள்ளிகள்கூட முழு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். பட்டையான பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதும்போது வரும் சாய்வு இது. தடித்த பகுதிக்கும் மெலிந்த பகுதிக்கும் வேறுபாடு குறைவு என்றாலும், அந்தச் சிறு சாய்வு இருப்பதால்தான் இவ்வளவு கறுப்பு மை நிறைந்த எழுத்து கட்டையாக உறைந்துபோகாமல், கையால் எழுதியதன் உயிரோட்டத்தோடு நிற்கிறது. கூப்பர் பிளாக்கை நகல் செய்த பல மலிவான எழுத்துருக்கள் தடிமனை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தச் சாய்வை விட்டுவிட்டதால்தான் சோர்ந்து தெரிகின்றன.

சிற்றெழுத்துகளின் உடல் உயரமாகவும், கோட்டுக்குக் கீழே இறங்கும் வால்கள் குட்டையாகவும் அமைக்கப்பட்டிருப்பது இன்னொரு கவனிக்கத்தக்க முடிவு. எழுத்து தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கும் வெள்ளை இடம் சுருங்கும். அந்த உள்வெளி அடைபட்டால் எழுத்தை அடையாளம் காண முடியாது. உடலை உயரமாக்கினால் உள்வெளிக்கு இடம் கிடைக்கும். வாலைக் குறைத்தால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். விளம்பரத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் காசு கொடுத்த காலத்தில் அது பெரிய வசதி.

இப்படிப்பட்ட எழுத்துக்கு உருண்டை முனை ஏன் வேண்டும்? ஈய எழுத்தின் மேல் மை பூசி, சொரசொரப்பான செய்தித்தாளில் அழுத்தும்போது, மை விளிம்பைத் தாண்டிச் சிறிது கசியும். கூரான மூலையுள்ள எழுத்தில் அந்தக் கசிவு குறையாகத் தெரியும். மூலை மழுங்கும், மெல்லிய கோடு தடிக்கும், வடிவமைப்பாளர் நினைத்தது ஒன்றும் தாளில் விழுவது வேறொன்றுமாக இருக்கும். ஏற்கெனவே மழுங்கிய எழுத்தில் இன்னும் கொஞ்சம் மை பரவினால் அதன் இயல்பு மாறுவதில்லை. மோசமான தாள், மோசமான அச்சு, தேய்ந்த ஈயம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் குணம் இதற்கு அந்த உருண்டையால்தான் வந்தது. அடிப்பகுதி வளைந்திருப்பதற்கும் இதே போன்ற ஒரு பயன் உண்டு: எழுத்துகளைக் கையால் ஒட்டும்போது ஒன்று நூலளவு மேலேறி இருந்தாலும் கண் அதைப் பிழையாகப் பிடிக்காது.

1960களிலும் 1970களிலும் இந்த எழுத்துரு மறுபடி உயர்ந்ததற்கு அந்தப் பொறுமைக் குணம் பெரிய காரணம் என்பது என் கருத்து. ஈய அச்சு விலகி, எழுத்துகளை ஒளிப்படமாகப் பதிக்கும் ஒளியச்சுக்கோப்பு வந்ததும், உலோகத் துண்டுகளின் தடையில்லாமல் எழுத்துகளை ஒன்றோடொன்று உரசும் அளவுக்கு நெருக்க முடிந்தது. தடித்து உருண்ட எழுத்துகள் அப்படி நெருங்கும்போது சொல் முழுவதும் ஒரே உருவமாகத் திரள்கிறது. லெட்ராசெட் போன்ற தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்கள் வந்ததால், அச்சகமே இல்லாத சிறு கடைக்காரரும் தலைப்பு அமைக்க முடிந்தது. சட்டைகளில் இஸ்திரிப் பெட்டியால் சுட்டு ஒட்டும் எழுத்துகளிலும் கூப்பர் பிளாக் பரவியது. கூரான முனை துவைக்கத் துவைக்க முதலில் பிரிந்து எழும், உருண்ட முனை அவ்வளவு எளிதில் எழாது. பீச் பாய்ஸ் இசைக்குழுவின் 1966ஆம் ஆண்டு இசைத்தட்டு உறையில் இது இடம்பெற்றது. 1995இல் தொடங்கிய ஈசிஜெட் விமான நிறுவனம் ஆரஞ்சு நிறத்தோடு இதையே தன் முகமாக்கிக்கொண்டது. மலிவான பயணச்சீட்டு விற்கும் நிறுவனம் மிடுக்கான, மெல்லிய எழுத்தை எடுக்காமல் இதை எடுத்தது சரியான முடிவு என்பேன். ‘எல்லாரும் வரலாம்’ என்ற அழைப்பை அந்த எழுத்து சொற்களின் உதவியில்லாமலே சொல்கிறது.

உருண்ட தடித்த எழுத்துகள் எல்லாம் ஒரே வகை என்று நினைத்துவிடக் கூடாது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக 1979இல் உருவான வேக் ரவுண்டட் செரிஃப் இல்லாதது. கோட்டின் தடிமன் எங்கும் சமமாக இருந்து, முனை அரைவட்டமாக முடியும். ஆப்பிள் நிறுவனம் பல ஆண்டுகள் தன் விசைப்பலகை எழுத்துகளுக்கு அதைப் பயன்படுத்தியது. அதன் இயல்பு பொறியியல் சார்ந்தது, சுத்தமானது; கூப்பர் பிளாக்கின் இயல்பு தின்பண்டம், விளையாட்டு, வீட்டுக் கூடம் ஆகியவற்றைச் சார்ந்தது. 2021இல் பர்கர் கிங் தன் தோற்றத்தை மாற்றியபோது உருவாக்கிக்கொண்ட ஃபிளேம் என்ற எழுத்துருவும் உணவின் வடிவத்தை ஒட்டிய, கொழுத்து உருண்ட எழுத்துதான். பழைய பாணியாகத் தோன்றுமா என்ற உங்கள் ஐயத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது: உணவுத் தொழிலில் இந்தக் குடும்ப எழுத்துகள் இப்போது மீண்டும் நடப்பில் இருக்கின்றன. பழுப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த வண்ணத்தோடு, சொல்லைச் சுற்றிப் பல வளையக் கோடுகளும் போட்டால்தான் அது 1970களின் நகலாகிவிடும். ஒரே வண்ணத்தில், சுற்றிலும் நிறைய வெற்றிடம் விட்டு வைத்தால் அந்தக் காலத்து வாடை வராது.

உங்கள் பெயர்ப்பலகைக்கு இது ஏன் பொருந்தும் என்பதற்குத் தொழில்முறைக் காரணங்களும் உண்டு. உள்ளே எல்இடி வைத்து ஒளிரும் முப்பரிமாண எழுத்துகள் செய்வதாக இருந்தால், விளக்குப் பட்டையை உள்ளே பொருத்த ஒவ்வொரு கோட்டுக்கும் போதிய அகலம் தேவை. மெல்லிய எழுத்தில் அது இயலாமல், பலகை செய்பவர் தாமாகவே எழுத்தைத் தடிமனாக்கி வடிவத்தைக் கெடுத்துவிடுவார். அக்ரிலிக் தகடுகளையும், ஏசிபி எனப்படும் அலுமினியக் கூட்டுத் தகடுகளையும் வெட்டும் ரௌட்டர் இயந்திரத்தின் கத்தி உருண்டையானது. உள்மூலைகளை அதனால் கூராக வெட்ட முடியாது. உருண்ட எழுத்தில் கத்தியின் வளைவும் எழுத்தின் வளைவும் ஒத்துப்போகும். கண்ணாடிக் கதவில் ஒட்டும் வினைல் ஸ்டிக்கரிலும் அப்படித்தான்: கூரான நுனிகள்தான் தூசி பிடித்து முதலில் உரியும்.

அதே எழுத்தை விலைப்பட்டியலில் போடுவதை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். கூப்பர் பிளாக்கின் உள்வெளி மிகச் சிறியது. அளவைக் குறைத்தால், ஆங்கில ஈ சிற்றெழுத்தின் கண்ணும் ஏ சிற்றெழுத்தின் வயிறும் அடைந்து, வரி முழுவதும் ஒரு கறுப்புப் பட்டையாகிவிடும். இரண்டு மூன்று சொற்களுக்குத்தான் இந்த எழுத்து. நான்காவது வரி வரும்போதே படிப்பவர் களைத்துவிடுவார். எல்லாவற்றையும் தலைப்பெழுத்தாகப் போடுவதையும் தவிருங்கள். மேலும் கீழும் ஏறி இறங்கும் சிற்றெழுத்துகளின் உருவத்தில்தான் இதன் இனிமை இருக்கிறது. தலைப்பெழுத்துகள் மட்டும் வரிசையாக நின்றால் வெறும் பாரம்தான் மிஞ்சும். விலைப்பட்டியலுக்கும் பெட்டியின் பின்புறத்தில் வரும் சேர்மான விவரங்களுக்கும் எளிய, நடுத்தரத் தடிமனுள்ள, செரிஃப் இல்லாத ஓர் எழுத்துருவை வைத்தால், பெயர் தன் பாரத்தோடு தனித்து நிற்கும்.

அடர்நிறப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தாக வைக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். வெள்ளை கண்ணுக்குப் பெருத்துத் தெரியும். உள்ளே எரியும் விளக்கு இருந்தால் ஒளி விளிம்பைத் தாண்டி வழிந்து உள்வெளியை மேலும் அடைக்கும். ஆகவே இரவில் ஒளிரும் பலகைக்கு எழுத்துகளுக்கிடையே உள்ள இடைவெளியைக் காகிதத்தில் வைப்பதைவிடச் சற்றுக் கூட்டுங்கள். ஓர் அங்குல உயர எழுத்து ஏறக்குறையப் பத்து அடி தொலைவுக்கு நன்றாகப் பயன்படும் என்பது பலகைத் தொழிலில் பரவலாக உள்ள கணக்கு. உள்வெளி குறைந்த இத்தகைய எழுத்துக்கு அந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைப்பது நல்லது.

இனித் தமிழுக்கு வருகிறேன். நம் எழுத்துகளில் வளைவு ஏராளம் என்பதால் தடித்து உருண்ட வடிவம் தமிழில் எளிது என்று பலர் எண்ணுகிறார்கள். செய்து பார்த்தவர்களுக்கு அது தலைகீழ் என்று தெரியும். வளைவு மிகுதி என்றால் சுழி மிகுதி. சுழி மிகுதி என்றால் அடைபடும் உள்வெளியும் மிகுதி. ‘பேக்கரி’ என்ற உங்கள் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்துக் காட்டுவது தலையில் உள்ள ஒரு சிறு சுழி. தடிமன் ஏறி அந்தச் சுழி அடைந்துவிட்டால் ‘பே’ தொலைவிலிருந்து ‘பெ’ ஆகிவிடும். அடுத்து வரும் ‘க்’ மேல் உள்ள புள்ளியைப் பெரிதாக வைக்காவிட்டால் இவ்வளவு கனத்த உடலுக்கு மேல் அது தூசியாகத் தெரியும். பெரிதாக வைத்தாலோ வரியின் உயரம் கூடும். ரகரத்தைக் காலிலிருந்து வேறுபடுத்துவது அடியில் உள்ள சிறு சாய்கோடு. அது கரைந்தால் ‘தரம்’ என்பது ‘தாம்’ ஆகிவிடும். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும், கியும் கீயும் இப்படிச் சின்னஞ்சிறு கோடுகளையும் வளைவுகளையும் நம்பியே பிரிந்து நிற்கின்றன. ணகரம், ஞகரம், இகரம், ஐகாரம் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் மடிப்புகளுக்கு எல்லாக் கோடுகளையும் ஒரே தடிமனில் வைத்தால் இடமே இருக்காது. உள்கோடுகளைச் சற்று மெலிய விட்டு, வெளிக்கோட்டில் கனத்தைக் காட்ட வேண்டும். பகரத்துக்கும் டகரத்துக்கும் நேர்மாறான சிக்கல்: அவற்றின் மூலைகள்தான் அவற்றின் அடையாளம், அவற்றை அளவுக்கு மீறி உருட்டினால் எழுத்து தன் முகத்தை இழந்துவிடும்.

ஆகவே, சாதாரணத் தமிழ் எழுத்துரு ஒன்றை எடுத்து, கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் அவுட்லைன் என்னும் விளிம்புக்கோட்டைக் கூட்டித் தடிமனாக்குவது நம் ஊர்ப் பலகைக் கடைகளில் வழக்கமாக இருந்தாலும், அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம். அப்படிச் செய்யும்போது கோடு இரண்டு பக்கமும் சமமாகப் பெருத்து, மேலே சொன்ன ஒவ்வொரு சுழியையும் தின்றுவிடும். தடிமனாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேடுவதுதான் வழி. மும்பையைச் சேர்ந்த எக் டைப் குழு உருவாக்கிய பலூ குடும்பம் ஒன்பது இந்திய எழுத்துமுறைகளிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. அதன் தமிழ் வடிவத்துக்குப் பலூ தம்பி என்று பெயர். பிறகு வந்த பலூ தம்பி 2இல் 400 முதல் 800 வரை ஐந்து தடிமன்கள் உள்ளன. பெயருக்கு 800ஐயும், அதன் கீழே வரும் சிறு வரிக்கு 500ஐயும் எடுத்தால் ஒரே குடும்பத்திலேயே வேலை முடியும். மார்செலோ மகலயேஸ் வரைந்த காயினி இன்னும் கொழுத்தது. ஆங்கிலமும் தமிழும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் கூகுள் ஃபாண்ட்ஸில் திறந்த உரிமத்தில் இருப்பதால் வணிகப் பயன்பாட்டுக்குத் தடையில்லை.

ஆனால் பலூவும் காயினியும் செரிஃப் இல்லாதவை. கூப்பர் பிளாக்கின் பாதமும் பேனாச் சாய்வும் அவற்றில் இல்லை. அதனால் ஆங்கிலத்தைக் கூப்பரிலும் தமிழைப் பலூவிலும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் வெவ்வேறு கடையின் பெயர்கள்போலத் தெரிய வாய்ப்புண்டு. பலகையில் இரண்டு மொழியும் சம அளவில் வர வேண்டும் என்றால், இரண்டையும் பலூவிலேயே வையுங்கள் என்பது என் பரிந்துரை. தமிழ்ப் பெயர்தான் பெரிது, ஆங்கிலம் கீழே சிறிதாக வரும் என்றாலும் அதுவே பொருந்தும். ஆங்கிலப் பெயரைக் கூப்பரில்தான் வைக்க வேண்டும் என்ற விருப்பம் உறுதியாக இருந்தால், தமிழ்ப் பெயரை எழுத்து வரைபவர் ஒருவரிடம் கொடுத்து, கூப்பரின் சாய்வை ஒட்டிக் கையால் வரைந்து வாங்குங்கள். ஐந்தாறு எழுத்துகள்தான், முழு எழுத்துரு செய்யும் செலவு ஆகாது, அவர் ஒவ்வொரு சுழியையும் அந்தச் சொல்லுக்கு ஏற்பத் திறந்து வைக்கவும் முடியும்.

உரிமம் பற்றியும் ஒரு சொல். கூப்பர் பிளாக்கின் கணினி வடிவங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய வணிக எழுத்துருக்கள். யாரோ அனுப்பிய கோப்பை நிறுவிக்கொண்டு கடையின் அடையாளத்தை அதன் மேல் கட்டாதீர்கள். செலவு செய்ய விருப்பமில்லை என்றால், அதே மரபில் வந்த திறந்த உரிம எழுத்துருக்கள் உள்ளன. கப்ராசிமோ தடித்த மென்செரிஃப் எழுத்து. ஃபிரான்சஸ் என்ற மாறுநிலை எழுத்துருவில் தடிமனைப் போலவே முனையின் மழுங்கலையும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். தடிமனை உச்சத்தில் நிறுத்திக்கொண்டு மழுங்கலை மட்டும் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்தால், உருண்டை கனத்துக்கு என்ன செய்கிறது என்பது உங்கள் திரையிலேயே தெரியும்.

பலகைக்குப் பணம் கட்டும் முன், இறுதி வடிவத்தைச் சாதாரண ஏ4 தாளில் அதன் உண்மை அளவில் பத்தில் ஒரு பங்காக அச்சிட்டு, தெருவில் பலகையைப் பார்க்கப்போகும் தொலைவில் பத்தில் ஒரு பங்கு தள்ளி நின்று படித்துப் பாருங்கள். அறுபது அடிக்கு அப்பாலிருந்து தெரிய வேண்டிய பலகை என்றால் ஆறு அடி. வடிவத்தை முன்பே பார்த்தவர் சொல்லைப் படிப்பதில்லை, நினைவிலிருந்து சொல்லிவிடுவார். ஆகவே அதுவரை பார்க்காத ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். அவர் ‘பே’யில் ஒரு கணம் தயங்கினால், கொம்பின் தலைச்சுழியைத் திறந்து கொடுக்கும்படி வரைபவரிடம் கேளுங்கள்.